சுகர் பாக்கவே மாட்டேங்கறவங்க கூட குடும்பம் நடத்தறவங்க, உங்க அனுபவத்த சொல்லுங்க

கோவைல இருந்து:

வீட்டுக்காரருக்கு 52 வயசு, லேத் பட்டறைல வேலை, சுகர் வந்து ஆறு வருஷமாச்சு. மாத்திரைய நேரத்துக்கு போட்டுக்குவாரு, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனா வீட்லயே சுகர் பாக்கற மெஷின் வாங்கி வெச்சு ஒன்றரை வருஷம் டப்பாவ பிரிக்கவே இல்ல. கேட்டா மூணு மாசத்துக்கு ஒருக்கா லேப்ல பாக்கறோம்ல, மெஷின்ல சொருகற ஒரு ஸ்டிரிப் 20 ரூபா, குத்தி குத்தி காச கரைக்கணுமான்னு கேப்பாரு. லேப்புக்கு போற வாரம் மட்டும் டீக்கு சக்கர இல்லாம, ராத்திரி ரெண்டே சப்பாத்தின்னு இருப்பாரு, வெறும் வயித்துல 128 வரும், பாத்தியான்னு சந்தோஷமா காமிப்பாரு. அதே ரத்தத்துல எச்பிஏ1சி 8.9. அது ரெண்டு மூணு மாசத்து சராசரிய காட்டற டெஸ்டு, நாலு நாள் வாயக் கட்டுனா எங்க அசையும்.

அதுக்கப்புறம் நானே புடிச்சு உக்கார வெச்சு குத்த ஆரம்பிச்சேன். 260 வந்துச்சுன்னா என்ன சாப்ட்டீங்க, எந்த பேக்கரில நின்னீங்கன்னு விசாரணை. ஒரு நாள் கோவத்துல "உங்கப்பா மாதிரி உங்களுக்கும் கால எடுக்கணுமா"ன்னு கேட்டுட்டேன். மாமனாருக்கு முட்டிக்கு கீழ எடுத்தப்ப ராப்பகலா ஆஸ்பத்திரில கூட இருந்தது இவருதான். அன்னிக்கு எந்திரிச்சு வெளிய போனவரு ராத்திரி பதினொரு மணிக்குதான் திரும்புனாரு. அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கவே கூடாதுங்க.

போன ஆடி மாசம் ஒரு சனிக்கிழம, அவசர ஆர்டருன்னு மதியம் சாப்பிடாமயே வேலை பாத்துட்டு நாலரைக்கு வந்தாரு. சட்டையெல்லாம் நனைஞ்சு போற அளவுக்கு வேர்வை, கை நடுங்குது, எது கேட்டாலும் எரிஞ்சு விழறாரு. சரி, எதையோ இனிப்பா தின்னு சுகர் ஏறிடுச்சுன்னு நெனச்சு ராத்திரி மாத்திரைய இப்பவே குடுத்துடலாம்னு கைல எடுத்துட்டேன். பொண்ணுதான் "ஒரு தடவ பாத்துட்டு குடும்மா"ன்னா. பாத்தா 54. 70க்கு கீழ போனாலே லோ சுகரு. கைல இருந்த மாத்திரைய பாத்து எனக்கு உசுரே போயிடுச்சு. மூணு ஸ்பூன் குளுக்கோஸ தண்ணில கலக்கி குடுத்து, கால் மணி நேரம் கழிச்சு பாத்தா 82, அப்புறம் சோறு போட்டேன். டாக்டர்கிட்ட போனப்பதான் வெளங்குச்சு, இவரு போடற கிளிமிபிரைடு மாத்திரை நாம சாப்ட்டாலும் சாப்படாட்டியும் இன்சுலின சுரக்க வெச்சுட்டே இருக்குமாம். டோஸ 2ல இருந்து 1க்கு குறைச்சுட்டு, சாப்பாட்ட மட்டும் தள்ளிப் போடாதீங்கன்னாரு.

அன்னிக்கு ராத்திரி இவரு சொன்னது இன்னும் காதுலயே இருக்கு: "நான் சாப்படலன்னு சொன்னா நீ நம்பியிருக்க மாட்ட கண்ணு, மெஷின் சொன்னதாலதான் நம்புன."

அதுலருந்து அவரே பாக்கறாரு. செவ்வாயும் ஞாயிறும், சாப்பாட்டுக்கு முன்ன ஒண்ணு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு, மாச காலண்டர் கட்டத்துல எழுதிடுவாரு, எவ்வளவுன்னு நான் கேக்கறதே இல்ல. ஒடம்புக்கு நல்லதுன்னு தெனமும் குடிச்ச கம்மங்கூழு இவருக்கு 131ஐ 248க்கு தூக்குதுன்னு அவரேதான் கண்டுபுடிச்சு நிறுத்துனாரு. போன வாரம் கல்யாணத்துக்கு போயிட்டு வந்து 231ன்னு எழுதி பக்கத்துலயே "பாயாசம் 1"ன்னு எழுதியிருந்தாரு. நான் காலண்டர தாண்டி அடுப்படிக்கு போயிட்டேன்.

மதுரைல இருந்து:

அக்கா, எங்க வீட்ல நெலம தலைகீழ், சுகர் என் சம்சாரத்துக்கு. காலைல அஞ்சு மணிலருந்து சமையல், டிபன் பாக்ஸ், அவளுக்கு உக்கார நேரமே கெடையாது. நேரமில்ல நேரமில்லன்னே சொல்லிட்டு இருந்தா, தோண்டிக் கேட்டப்பதான் நம்பர் கூடுனா இன்சுலின் ஊசி போட்ருவாங்கன்னு பயந்திருக்கான்னு தெரிஞ்சுச்சு. இப்ப காலை டிபன் என் பொறுப்பு, அந்த அஞ்சு நிமிஷத்துல பாக்குறா. ஆனா விரல் ரொம்ப வலிக்குதுங்குறா, சமயத்துல ரத்தமே வர மாட்டேங்குது, என்ன பண்றது?

கோவைல இருந்து:

தம்பி, இவருக்கும் அதே கதைதான், லேத்துல கை காய்ச்சுப் போயிருக்கும். விரல் நுனில நடுவுல குத்தாதீங்க, ஓரத்துல குத்துனா வலி கம்மி. மொதல்ல வெதுவெதுப்பான தண்ணில சோப்பு போட்டு கழுவி நல்லா தொடச்சுட்டு, கைய கொஞ்ச நேரம் கீழ தொங்க விடச் சொல்லுங்க. குத்தற பேனால எவ்வளவு ஆழமா குத்தணும்னு நம்பர் இருக்கும், தோல் தடிச்சிருந்தா ஒண்ணு ரெண்டு கூட்டி வைங்க, ரொம்ப அமுக்கிப் பிழியாதீங்க, அளவு மாறிடும். அடுப்படில இருக்கறவங்க கைல சக்கரையோ பழமோ ஒட்டியிருந்தா பொய்யா ஏத்திக் காட்டும், அதனால கழுவாம மட்டும் பாக்க வேணாம்னு சொல்லுங்க. ஊசியையும் அடிக்கடி மாத்துங்க, மழுங்குனதுதான் அதிகமா வலிக்கும்.