புதுப்பிப்பு: காரைக்குடி பக்கம் ஒரு மாதம் தங்கிக் கற்றுக்கொடுத்த ஆர்மோனியக் கலைஞர், எதிரொலிப் பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. எங்கள் ஊர்க் கலைக்கூடம் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. ஸ்பெஷல் நாடகத்தில் (வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் கூடி இரவில் நடத்தும் இசை நாடகம்) வாசிக்கும் ஆர்மோனியக் கலைஞர் ஒருவரை 4 வாரம் தங்கவைத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தர அழைத்திருந்தோம். பட்டாலையில் (வீட்டின் கூடத்தில்) பாடினால் ஒரு சொல்கூடப் புரியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

முதலில் ஜமக்காளம் விரித்து, சுவரில் பந்தல் துணி கட்டினோம். பாதிதான் குறைந்தது. கீழே ஆத்தங்குடிக் கல் (வழவழப்பான தரை ஓடு), சுற்றிலும் மெழுகியதுபோல் வழவழக்கும் சுண்ணாம்புப் பூச்சு. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கிற பரப்பு.

"வளவுக்கு மாத்துங்க, மேலே வானம் திறந்திருக்கு" என்று, வீட்டின் நடு முற்றத்தைச் சொல்லி, ஓர் அண்ணன் எழுதியிருந்தார். அதுதான் வேலை செய்தது. வளவின் நடுவில் பிள்ளைகள், ஓரத் தாழ்வாரத்தில் ஆர்மோனியம். வசனம் தெளிவாகக் கேட்டது, மைக்கே தேவைப்படவில்லை. இரண்டாம் வாரத்தில் வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளியும் முருகனும் வாதாடும் தர்க்கப் பாட்டைப் பிள்ளைகளே எதிரெதிரே நின்று பாடினார்கள். அந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மெட்டு அவர்கள் வாயில் வந்ததைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை: இரவுப் பனி. எட்டு மணிக்கு மேல் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கியது. அதனால் வகுப்பை மாலை 5 மணிக்கே மாற்றி, வாத்தியங்களை உள்கட்டில் வைத்தோம்.

பக்கத்து வீட்டு ஆச்சிகள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். நாங்கள் அழைக்கவே இல்லை. கடைசி வாரம் ஓர் ஆச்சி தாலாட்டு பாட, கலைஞர் அதற்கு ஆர்மோனியம் வாசித்தார். அடுத்த முறை தாலாட்டுக்கென்றே ஒரு வாரம் ஒதுக்குகிறோம்.