ஏபி தேர்வு, கல்லூரிப் பாடம்: உங்கள் மாநிலத்தில் யார் பணம் கட்டுகிறார்கள்?

வட கரோலினாவிலிருந்து இடம் மாறிய ஒரு அப்பா:

பெரிய பெண் அமெரிக்காவின் வட கரோலினாவில் உயர்நிலைப் பள்ளி முடித்தாள். ஏபி என்றால் பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்; தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தை முடித்ததாகவே எடுத்துக்கொள்ளும். ஏபி தேர்வுக்கு என்று பள்ளி எங்களிடம் ஒருநாளும் காசு கேட்டதில்லை. அங்கே 2014-15 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் ஏபி தேர்வுக் கட்டணத்தையும், அதேபோன்ற இன்னொரு பாடத்திட்டமான ஐபியின் தேர்வுக் கட்டணத்தையும் மாநிலமே கட்டிவிடுகிறது. அப்புறம் வேலை மாறி வேறு மாநிலத்துக்கு வந்தோம். சின்னவன் நான்கு ஏபி பாடம் எடுத்தான். அக்டோபரில் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது: தேர்வுக்கு 99 டாலர் வீதம் நவம்பர் நடுவுக்குள் கட்ட வேண்டும், தாமதமானால் தேர்வுக்கு 40 டாலர் கூடுதல். தேர்வு நடப்பதோ அடுத்த மே மாதம். எங்களால் முடிந்தது, கட்டிவிட்டோம்.

அவனோடு படிக்கும் ஒரு பையன் கணக்கில் இவனைவிடக் கெட்டி. வீட்டில் அம்மா ஒருவர் சம்பாத்தியம்தான். கால்குலஸ் வகுப்பில் இருக்கிறான், ஆனால் தேர்வுக்குப் பெயர் கொடுக்கவில்லை. "வகுப்பு போதும் அங்கிள், தேர்வு வேண்டாம்" என்று சாதாரணமாகச் சொன்னான். எனக்கு மனசு ஆறவில்லை. அவன் பெயரைச் சொல்லாமல், பொதுவாகக் கேட்பதுபோல் பள்ளியின் மாணவர் ஆலோசகரிடம் போய்க் கேட்டேன். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு ஒரு தேர்வுக்கு 37 டாலர் குறைக்கிறதாம். பள்ளியும் தனக்குச் சேர வேண்டிய 9 டாலரை விட்டுக்கொடுக்குமாம். மீதி 53 டாலர் நிற்கிறது. அதை மாநிலமோ, அந்தப் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டமோ ஏற்றுக்கொண்டால்தான் பிள்ளைக்கு இலவசம். "கேட்டால் ஏதாவது வழி பார்ப்போம். ஆனால் யாரும் வந்து கேட்பதில்லை" என்றார் அவர்.

பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர் எதிரே உட்கார்ந்து "எங்களிடம் பணம் இல்லை" என்று எப்படி வாய் திறந்து கேட்கும்? உங்கள் ஊர்களில் இது எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள்.

ஃபுளோரிடாவில் ஏபி பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை:

அண்ணா, எங்கள் மாநிலத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டணம் கட்டுவதில்லை. என் வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணின் அம்மா, பெற்றோர் சந்திப்பு அன்று பணப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், "இதற்கு நாங்கள் எவ்வளவு தர வேண்டும்?" ஒன்றும் வேண்டாம் என்றேன். நம்பவில்லை. பிறகு ஏதாவது ரசீது வருமா என்று திரும்பவும் கேட்டார். வராது என்று எழுதியே கொடுத்தேன். அந்தப் பெண் தேர்வில் ஐந்துக்கு 4 வாங்கினாள்.

இங்கே பணம் இன்னொரு வழியிலும் ஓடுகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பள்ளிகளுக்கான நிதியை முழுநேர மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் மாநிலம் கணக்கிடுகிறது. ஒரு மாணவர் ஏபி தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் மாவட்டத்தின் கணக்கில் 0.16 மாணவர் கூடுதலாகச் சேரும். அந்தப் பணத்தில் குறைந்தது 80 சதவீதம் அந்த ஏபி பாடத்தை நடத்திய பள்ளிக்கே போக வேண்டும். ஆசிரியருக்கும் அப்படித் தேறும் ஒவ்வொரு மாணவருக்கும் 50 டாலர் உண்டு. என் வகுப்பின் ஆய்வகக் கருவிகளில் பாதி இப்படி வந்தவைதான்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. தேறுவோர் எண்ணிக்கை கூடினால் நிதி கூடும் என்பதால், அடிப்படை பலமில்லாத பிள்ளைகளையும் ஏபி வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். மார்ச் மாதம் வந்ததும் சில பிள்ளைகள் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. அதற்கு ஒன்பதாம் வகுப்பிலேயே கணிதத்தையும் வாசிப்பையும் பலப்படுத்த வேண்டும், அதற்கும் நிதி வேண்டும். ஆனாலும் எல்லோருக்கும் இலவசமா, வருமானம் பார்த்துச் சலுகையா என்று என்னைக் கேட்டால், எல்லோருக்கும் இலவசம் என்ற முறைக்குத்தான் நான் கை தூக்குவேன். யார் வீட்டில் வசதி, யார் வீட்டில் இல்லை என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஒரு அம்மா:

எங்கள் பக்கம் ஏபியைவிட ரன்னிங் ஸ்டார்ட் என்ற திட்டத்தின் பேச்சுதான் அதிகம். 1990இல் கொண்டுவந்த சட்டம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் அரசுக் கல்லூரியிலேயே போய்ப் படிக்கலாம், கல்விக் கட்டணம் கிடையாது. கேட்கும்போது எல்லாம் இலவசம் போலத்தான் இருக்கும். போய்ச் சேர்ந்த பிறகுதான் புத்தகம், சில்லறைக் கட்டணங்கள், போக்குவரத்து எல்லாம் நம் தலையில் என்று தெரியும்.

என் மகனைப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மதியம் யார் கொண்டுபோய் விடுவது என்பதே எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையாக இருந்தது. பள்ளிப் பேருந்து அந்தப் பக்கம் போகாது. நான் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். எதிர்வீட்டுப் பெண்ணின் பெற்றோருக்கு அது முடியவில்லை, அவள் சேரவில்லை. வேதியியல் புத்தகத்துக்குக் கல்லூரி நூலகத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் கொடுக்கும் ஒரு பிரதி இருந்தது. பையன் முதல் பருவத்தை அதை வைத்தே ஓட்டினான். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சில கட்டணங்களைத் தள்ளுபடி செய்வார்கள், சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

நல்ல செய்தி ஒன்று. உயர்நிலைப் பள்ளி வகுப்பறையிலேயே கல்லூரிப் பாடம் நடத்தும் திட்டத்துக்கு முன்பு ஒரு கிரெடிட்டுக்கு (கல்லூரிப் பாடத்தை அளக்கும் அலகு) இவ்வளவு என்று பணம் வாங்கினார்கள். 2023இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அரசுக் கல்லூரிகளோடு சேர்ந்து நடத்தும் அந்தப் பாடங்களுக்குப் பிள்ளைகள் கட்ட வேண்டியதில்லை. வண்டி ஓட்டும் வேலையும் இல்லை. சின்னவளை அதில்தான் சேர்க்கப் போகிறோம்.

மினசோட்டாவில் படித்த கல்லூரி மாணவர்:

இங்கே 1985லேயே இந்த மாதிரித் திட்டம் வந்துவிட்டது, புத்தகச் செலவும் அதில் அடக்கம். நான் பயனடைந்தவன். ஒரே ஒரு விஷயம், பெற்றோர் கவனிக்க: அங்கே வாங்கும் மதிப்பெண் உண்மையான கல்லூரி மதிப்பெண். பிறகு எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் அந்தப் பட்டியலைக் கேட்பார்கள். நிறையப் பாடத்தில் தோற்றால் பின்னால் கல்வி உதவித்தொகைக்கும் இடைஞ்சல் வரும். கிரெடிட்டை மாநிலத்தின் அரசுக் கல்லூரிகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். தனியார் பல்கலைக்கழகம் ஒன்று எனக்குப் பாதியைத்தான் ஏற்றது. ஏபியிலும் இப்படித்தான், சில இடங்களில் 5 இருந்தால்தான் மதிப்பு. இல்லினாயில் 3 வாங்கினாலே அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தர வேண்டும் என்று 2015இல் சட்டமே போட்டுவிட்டார்கள். மற்ற மாநிலங்களும் அப்படிச் செய்தால் எவ்வளவோ நல்லது.

பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போய்வந்த ஒரு தாய்:

முதலில் எழுதிய அண்ணா சொன்ன அந்த 53 டாலர் பற்றித்தான் நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து வாரியத்தில் பேசினோம். ஒருகாலத்தில் இதற்கென்றே மத்திய அரசின் தனி நிதி இருந்தது. 1998 சட்டத் திருத்தத்தில் வந்த ஏற்பாடு அது, மாநிலங்கள் அதைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளின் ஏபி கட்டணத்தைக் கட்டின. 2015இல் புதிய கல்விச் சட்டம் வந்தபோது அதை வேறு பல திட்டங்களோடு சேர்த்து டைட்டில் 4, பகுதி ஏ என்ற ஒரே தொகுப்பாக்கிவிட்டார்கள். இப்போது அந்தத் தொகுப்பிலிருந்து தேர்வுக் கட்டணம் கட்டலாம். கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மனநல ஆலோசனை, கணினி, பாதுகாப்பு எல்லாமே அதே பணத்துக்கு வரிசையில் நிற்கின்றன.

மாவட்ட அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பணம் பெரிய தொகை இல்லை, யாருக்குக் கட்டுவது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் சிக்கல் என்றார். மதிய உணவுச் சலுகைப் பட்டியல் உங்களிடமே இருக்கிறதே என்றோம். அந்தத் தகவலை வேறு காரியத்துக்கு எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றார். சரி, அந்த உணவு விண்ணப்பத்திலேயே சம்மதத்துக்கு ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள், ஏபி ஒருங்கிணைப்பாளர் கணினியில் அந்த மாணவர் பெயருக்கு நேரே கட்டணக் குறைப்பு என்று குறித்தால் முடிந்தது என்றோம். பிள்ளை யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

இந்த ஆண்டு விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வந்துவிட்டது, மீதிக் கட்டணத்தையும் மாவட்டமே ஏற்கிறது. நாங்கள் கொடுத்த கடிதத்தின் நகல் வேண்டுவோர் எந்த மாநிலம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், அனுப்புகிறேன். நவம்பர் பதிவுக்கு முன்னால் பலன் தெரிய வேண்டுமானால் ஆகஸ்ட், செப்டம்பர் கூட்டங்களிலேயே பேசிவிட வேண்டும்.