மேட்டில் அணையும் பத்மினி: பம்ப் ஸ்பேசர் தடிமன் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வண்டி 1984 பிரீமியர் பத்மினி, 1089 சிசி, சோலெக்ஸ் கார்புரேட்டர். பெங்களூரில் ஓடுகிறது. ஐடிலிங் சுத்தம், நியூட்ரலில் எவ்வளவு மிதித்தாலும் பிசிறில்லை. நந்தி மலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தால் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றினால் மறுபடி பிடிக்கும். ஏப்ரலில் பெட்ரோல் பம்பின் (டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இழுத்துத் தருவது) டயாஃப்ராம் கிட், அதாவது உள்ளே அசையும் சவ்வு, மாற்றிய பிறகுதான் இது ஆரம்பம்.

இக்னிஷனில் குறையில்லை: பாயின்ட் கேப் 0.45 மி.மீ., கண்டென்சரும் காயிலும் புதிது. வண்டி நின்ற இடத்திலேயே பார்த்தேன், ஸ்பார்க் நீலமாகக் கொழுத்து வருகிறது. ஆனால் கார்புரேட்டர் மூடியைத் திறந்தால் ஃப்ளோட் கிண்ணத்தின் (பெட்ரோல் சேர்ந்து நிற்கும் இடம்) அடியில்தான் பெட்ரோல் கிடக்கிறது. கிண்ணத்துக்குள் பெட்ரோல் விடும் நீடில் வால்வு சிக்கவில்லை. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டியாச்சு. ஃபில்டர், ஹோஸ் மாற்றியாச்சு. டேங்கை விட்டுவிட்டு தனி கேனிலிருந்து பம்புக்குக் கொடுத்தாலும் அதே நிலைமை. ஆக, பம்ப்தான்.

சந்தேகம் எஞ்சின் பிளாக்குக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) மேல். கிட்டில் வந்த கேஸ்கெட்களையும் சேர்த்துப் போட்டதில் இப்போது 7 மி.மீ. இருக்கிறது. தடிமன் கூடினால் பம்பை இயக்கும் லீவரின் ஸ்ட்ரோக் (அசையும் தூரம்) குறையும். ஐடிலிங்குக்கு அந்தப் பெட்ரோல் போதும், மேட்டுக்குப் போதாது. எலக்ட்ரிக் பம்ப் போட்டு ஒப்பேற்ற மனமில்லை.

பத்மினியில் இதைக் கழற்றி அளந்தவர்கள் சொல்லுங்கள்: கேஸ்கெட்டோடு சேர்த்து அந்த ஸ்பேசரின் சரியான தடிமன் எவ்வளவு?