பாப்பா உமாநாத் பற்றி எழுத: எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி (மலர்க்குழு): சங்க மலருக்குப் பாப்பா உமாநாத் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். தேடினால் '1989 திருவெறும்பூர் எம்.எல்.ஏ., மாதர் சங்கத் தலைவர்' என்பதோடு நின்றுவிடுகிறது. தொழிற்சங்கத்திலிருந்து மாதர் சங்கத்துக்கு எப்படி வந்தார்?

ரயிலடி: திருச்சி பொன்மலையில் தொடங்குங்கள். 1931இல் காரைக்கால் பக்கம் பிறந்தவர், இயற்பெயர் தனலட்சுமி. அம்மா பொன்மலையில் ரயில்வே பணிமனைத் தொழிலாளர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர். அந்தச் சாப்பாட்டுப் பந்திதான் மகளுக்கு முதல் அரசியல் வகுப்பு. 1946 செப்டம்பர் 5, சங்கத் திடல் துப்பாக்கிச்சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தபோது அவருக்கு வயது 15. பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை, தலைமறைவு, தாயும் மகளுமாகச் சிறை. உண்ணாவிரதத்தில் அம்மா சிறையிலேயே இறந்தார். கட்சியை விட்டால்தான் உடலைப் பார்க்கலாம் என்றார்கள், மறுத்துவிட்டார். இதை இரண்டு வரியில் சொன்னாலே போதும், வசனம் சேர்க்காதீர்கள்.

மதுரைவீதி: ஆண்டுகளில்தான் பலரும் சறுக்குவார்கள். தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கம் 1973இல், கே.பி. ஜானகியம்மாளோடு சேர்ந்து தொடங்கியது. அகில இந்திய அமைப்பு 1981, சென்னையில். மாநிலச் சங்கம்தான் மூத்தது. 'டெல்லியில் ஆரம்பித்துக் கிளை வந்தது' என்று எழுதினால் கதையே தலைகீழ். ஜானகியம்மாள் 1967இலேயே மதுரை கிழக்கு எம்.எல்.ஏ.; அவரைத் துணைப்பாத்திரமாக்கி விடாதீர்கள்.

பேரவைப்புழு: எம்.எல்.ஏ. பகுதியைச் சுருக்கமாக முடியுங்கள். திருவெறும்பூர் என்றால் பெல் (BHEL) கொதிகலன் ஆலை, துப்பாக்கித் தொழிற்சாலை. தொழிலாளர் ஓட்டுள்ள தொகுதி. தி.மு.க. கூட்டணியில் 1989 ஜனவரியில் ஜெயித்தார். 1991 ஜனவரி கடைசியில் ஆட்சி கலைந்தது, ஆக இரண்டே ஆண்டு. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்த சட்டத் திருத்தம் அந்தப் பேரவையில்தான் நிறைவேறியது. ஆனால் அது அரசு மசோதா. 'அவர் கொண்டுவந்தார்' என்று எழுதினால் தவறு. அவர் என்ன பேசினார் என்பதற்கு அந்த ஆண்டுகளின் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டுங்கள். தனலட்சுமி என்று தேடாமல் பாப்பா உமாநாத் என்றே தேடுங்கள்.

ரயிலடி: இன்னொன்று. புதுக்கோட்டை எம்.பி. (1962, 1967), நாகப்பட்டினம் எம்.எல்.ஏ. (1977, 1980) இரண்டும் கணவர் ஆர். உமாநாத் வகித்தவை. அவற்றை இவர் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.