‘தூர்வாரவில்லை’ என்பதா, ‘தூர்வாரத் தவறியது’ என்பதா?

குழு: மேலத்தெரு உறவுகள்

நான் (மாலை 6.12): அனைவருக்கும் வணக்கம். வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி அரசு அலுவலகத்துக்கு நாம் கொடுக்கப்போகும் மனுவின் முதல் பத்தி இது: “மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 நெருங்கியும், எங்கள் ஊர்க் கிளை வாய்க்காலும் வயல் வாய்க்காலும் இதுவரை தூர்வாரப்படவில்லை.” அண்ணன் ‘தூர்வாரத் தவறிவிட்டது’ என்று எழுதச் சொல்கிறார். எது சரி என்று தாத்தாதான் சொல்ல வேண்டும்.

அண்ணன் (6.15): ‘தூர்வாரப்படவில்லை’ என்று எழுதினால், மழை பெய்யவில்லை என்பதைப் போல யார் மீதும் படாமல் போய்விடும்.

தாத்தா (6.31): அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘செய்யவில்லை’ என்பது நடக்காததை மட்டும் சொல்கிறது. நான் இன்று காபி குடிக்கவில்லை என்று சொல்லலாம்; ‘காபி குடிக்கத் தவறினேன்’ என்றால் உன் அத்தை சிரிப்பாள். மாத்திரை போடத் தவறினேன் என்றால் சிரிக்க மாட்டாள், திட்டுவாள். செய்தே ஆக வேண்டியது ஒன்று முன்பே இருந்தால்தான் ‘தவறு’ என்ற வினைக்கு அங்கே இடமுண்டு. 466ஆம் குறளில் ‘செய்தக்க செய்யாமை யானுங் கெடும்’ என்று வருகிறதல்லவா? ‘செய்யாமை’ என்ற சொல்லில் மட்டும் குற்றம் எதுவும் ஏறவில்லை. அதற்கு முன்னால் ‘செய்தக்க’ என்று வைத்த பிறகுதான் ஏறுகிறது.

அத்தை (6.34): அப்பா, நம் பக்கத்தில் ‘தவறிவிட்டார்’ என்றால் ஆள் போய்விட்டார் என்றுதானே பொருள்? ‘அதிகாரி தவறிவிட்டார்’ என்று எழுதி, அவர் வீட்டுக்கு யாராவது மாலை வாங்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள்.

தாத்தா (6.40): தனியே நின்றால் அந்தப் பொருள்தான். ‘தூர்வார’ என்ற எச்சம் முன்னே நின்றால் அந்தக் குழப்பம் வராது. ‘தவறுதலாக’ என்று மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள். அது தெரியாமல் நேர்ந்த பிழையாகிவிடும், நாமே அவர்களுக்குச் சமாதானம் எழுதிக் கொடுத்ததாகும்.

மாமா (6.52): வேண்டுமென்றே செய்யாமல் இருக்கிறார்கள் என்றுதானே ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள், பிறகு ‘மறுத்தது’ என்றே எழுதிவிட்டால் என்ன?

தாத்தா (7.05): மாப்பிள்ளை, மறுத்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால் நாம் கேட்டதற்கும் அவர்கள் மாட்டேன் என்றதற்கும் சான்று வேண்டும். தவறுதல் மனத்தில் இருந்ததைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கடமை இருந்தது, நடக்கவில்லை என்பதோடு நின்றுவிடும். சென்னை மாகாணத்தில் 1858இல் வந்த கட்டாய உழைப்புச் சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது. ஊர் வழக்கப்படி பாசன வேலைக்கு உழைப்புத் தர வேண்டியவர், தக்க காரணமில்லாமல் அதைச் செய்யத் தவறினாலும் செய்ய மறுத்தாலும், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும். ஊராரே கூடி வாய்க்கால், ஏரிகளைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு அன்று துணை நின்ற சட்டம் அது. ஆக, மண்வெட்டி எடுத்து வராத மிராசுதாரரும் சட்டத்தின் கண்ணில் தவறியவர்தான்.

அண்ணன் (7.09): அப்படியென்றால் வயல் வாய்க்காலையும் சேர்த்து எழுதியிருக்கிறோமே தாத்தா?

தாத்தா (7.16): எனக்கும் அதுதான் உறுத்துகிறது. கிளை வாய்க்காலின் மதகுக்கு இந்தப் பக்கம், நம் வரப்போரமாகப் போகும் வாய்க்காலை எந்தக் காலத்திலும் நாம்தான் வெட்டி வந்தோம். அங்கே ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆள் உயரம் மண்டிக் கிடக்கின்றன. அந்த வாக்கியத்தில் ‘தவறியது’ என்று போட்டால் எழுவாயாக நம் பெயரைத்தான் போட வேண்டும். அதை எடுத்துவிடு அம்மா. மீதி வாக்கியத்தில் பொறுப்பு யாருடையது என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு ‘தவறியது’ என்று எழுது.

நான் (7.30): திருத்திவிட்டேன். “கிளை வாய்க்காலைத் தூர்வாரிப் பராமரிக்கும் பொறுப்புடைய தங்கள் அலுவலகம், ஜூன் 12 நெருங்கியும், தலைமதகு முதல் எங்கள் ஊர் எல்லை வரையிலான பகுதியை இந்த ஆண்டு தூர்வாரத் தவறியுள்ளது.”

மாமா (7.33): இது போதும். வயல் வாய்க்காலுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓர் ஆளாக இறங்கிவிடலாம், வர முடியாதவர்கள் கூலியைக் கொடுத்துவிடட்டும்.

அண்ணன் (7.41): நாளை காலை அச்செடுத்துக்கொண்டு கடைமடை வீடுகளிலிருந்து கையெழுத்து வாங்கத் தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை யார் யார் வருகிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்கிறேன்.