ரத்தக்குழாய் தையல் பழக ஒரு பழைய மைக்ராஸ்கோப் வேணும்

நம்ம நெல்லை டாக்டர்கள் எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பிளாஸ்டிக் சர்ஜரி பார்க்கிறேன். விரல் துண்டாகி வருகிறவருக்கு 1 மி.மீ. ரத்தக்குழாயைத் தைத்துச் சேர்க்கிற கைகள் நம்ம பக்கம் இன்னும் நிறைய வேணும். அந்தக் கையை நோயாளி மேல் பழக்கவே கூடாது. அதனால் இளம் டாக்டர்களுக்கு ஞாயிறுதோறும் பயிற்சி நடத்தலாம்னு இருக்கோம்.

குழாய்க்குக் கவலையில்லை, கறிக்கடைக் கோழித் தொடையிலேயே நல்ல தமனி கிடைக்கும். கண் டாக்டர்களிடமோ கல்லூரி விலங்கியல் லேபிலோ சும்மா கிடக்கிற, இரண்டு கண்ணாலும் பார்க்கிற ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் இருந்தா சொல்லுங்க. தேதி முடிந்த 8-0, 10-0 அளவு நைலான் தையல் நூலும் வேணும். 10-0 தலைமுடியைவிட மெல்லிசு. பழகுறதுக்குத் தேதி போனது போதும். நுனி வளைந்துபோன ஃபோர்செப்ஸ் (இடுக்கி) இருந்தாலும் தாங்க. (அதை நேராக்கித் தரும் வாட்ச் ரிப்பேர்காரர் ஜங்ஷன் பக்கம் யாராவது இருக்காங்களா?)

எல்லாத்தையும்விட முக்கியம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு மூத்தவர். குழாயின் வட்ட விளிம்பில் முதல் இரண்டு தையலை 120 டிகிரி இடைவெளியில் போட்டு இழுத்தால் பின்சுவர் தானாக விலகும், ஊசி அதைக் கவ்வாது. வாசித்தால் ஒரு வரி. கைக்கு வர மாதக்கணக்காகும். 1902-ல் ரத்தக்குழாய் தைக்கும் முறையை எழுதிய பிரெஞ்சு டாக்டர் அலெக்சிஸ் கேரலே லியோன் நகரத்து எம்பிராய்டரி அம்மா ஒருவரிடம் நேரில் தையல் பழகியவர்தான்.

ரிட்டயர் ஆன சார், மேடம் யாராவது மாதம் ஒரு ஞாயிறு காலை வந்தாலே போதும். வண்டி நாங்க அனுப்புறோம், தென்காசி, தூத்துக்குடியா இருந்தாலும் சரி.