தண்ணீர் வடிந்த மறுநாள், குடும்பக் குழுவில்

அக்கா (7.10): தண்ணீர் வடிந்துவிட்டது. சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கோடு விழுந்திருக்கிறது. தரையெல்லாம் சேறு, வழுக்குகிறது.

தம்பி (7.12): மெயின் சுவிட்ச் அணைத்துத்தானே இருக்கிறது?

அக்கா (7.12): தண்ணீர் ஏறும் முன்பே உன் அத்தான் அணைத்துவிட்டார். ஃபிரிட்ஜைத் துடைத்தேன், பளிச்சென்று இருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்ததும் முதலில் அதைப் போட்டுப் பார்க்கட்டுமா?

தம்பி (7.13): ஐயோ, வேண்டாம்! கம்ப்ரஸர் அடியில்தான் இருக்கிறது. வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அவர் பிளக் பாயிண்டுகளைத் திறந்து பார்த்த பிறகு, ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் மெக்கானிக் பார்க்கட்டும்.

சித்தி (7.20): கழுவும் முன் எல்லா அறைகளையும் போட்டோ எடு, அந்தக் கோடும் தெரிகிற மாதிரி. போன தடவை நான் எல்லாம் கழுவிவிட்டு இன்சூரன்ஸுக்குக் காட்ட ஒன்றுமில்லாமல் முழித்தேன்.

அக்கா (7.21): எடுத்தாச்சு சித்தி, 43 போட்டோ. அதில் 6 என் கட்டைவிரல்.

பெரியப்பா (7.30): பூட்ஸ், கையுறை இல்லாமல் யாரும் சேற்றில் இறங்காதீர்கள். காலில் சின்னப் புண் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும்.

அம்மா (7.34): மெத்தையை வெயிலில் போட்டால் சரியாகிவிடாதா?

தம்பி (7.35): சாக்கடையும் கலந்த தண்ணீர் அம்மா. பஞ்சுக்குள் போனது வெயிலில் போகாது. தூக்கிப் போடத்தான் வேண்டும்.

அம்மா (7.41): ம்.

சித்தி (7.45): ஜன்னல் எல்லாம் திறந்து வை. 24 முதல் 48 மணி நேரத்திலேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். கோட்டுக்கு மேலேயும் ஒரு சாண் தொட்டுப் பார், சுவர் ஈரத்தை உறிஞ்சி மேலே இழுத்திருக்கும். அது காயும்வரை பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதே. அப்புறம், பிளீச்சிங்கோடு ஆசிட் கலக்கவே கூடாது, விஷவாயு வரும்.

அக்கா (9.05): அப்பா அம்மா கல்யாண ஆல்பம் பீரோ கீழ்த்தட்டில் இருந்திருக்கிறது! போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அம்மா நகத்தால் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

சித்தி (9.05): பிய்க்க வேண்டாம் என்று சொல்! அப்படியே காய்ந்தாலும் பிரிக்கவே முடியாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, தானாக விடுகிறதை மட்டும் எடு. படத்தைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து, துணிமேல் படம் மேலே பார்க்கும்படி பரப்பு. மீதியை இன்று பார்க்க முடியாதென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு யார் வீட்டு ஃப்ரீஸரிலாவது வை. நிதானமாகப் பிறகு பிரிக்கலாம்.

அக்கா (11.40): 11 போட்டோ பிழைத்தன. மீதி மாடி வீட்டு ஃப்ரீஸரில். ஒன்றில் மட்டும் அப்பாவின் மீசை கரைந்துவிட்டது.

அப்பா (11.42): அந்த மீசை எனக்கே பிடிக்காது.

அம்மா (11.43): அங்கே உட்கார்ந்து டைப் பண்ணாமல் வந்து மெத்தைக்கு ஒரு கை பிடியுங்கள்.